செர்கானுக்குப் புல் கிடைக்காத குளிர்காலம்

கொலினா
செப்டம்பர் 9, திங்கட்கிழமை

என் அன்பு மகள் யெசெனியாவுக்கு,

உன் அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் இங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குட்டி இங்ரிதும் சுகம் என்று ஞாயிறுதோறும் உன் வாயால் கேட்டாலும், எழுத்தில் ஒரு தடவை விசாரித்தால்தான் எனக்குத் திருப்தி. போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று பயந்துவிடாதே, அப்பாவுக்கு ஒன்றுமில்லை. வீட்டில் போன் ஒன்றுதான், அது அவர் தலைமாட்டை விட்டு நகர்வதில்லை, நீ அனுப்பும் குரல்செய்தியை எல்லாம் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைத்துக் கேட்கிறார். இந்த விஷயத்தை அவர் காதில் விழாமல் உனக்குச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. மருந்துக்கடை ஓர்ஃபெலினாவின் மகள் புதன்கிழமை ஸ்வீடனுக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன், தபாலில் போட்டால் கிறிஸ்துமசுக்குத்தான் வரும். சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். என்னடி எழுதுறே என்று உள்ளேயிருந்து கேட்டார், கடைச் சீட்டு என்றேன்.

இந்த வருஷம் மழை எங்களைக் கைவிட்டுவிட்டது மகளே. மழை பெய்கிற அன்றைக்குத்தானே பூசணி அப்பம் சுடுவேன், உங்களுக்கு அங்கே கோடையாக இருந்த இந்தக் குளிர்காலத்தில் ஒரே ஒரு தடவை சுட்டேன், அதுவும் தூறல் விழுந்ததும் எண்ணெய் வைத்தேன், எண்ணெய் காய்வதற்குள் தூறல் நின்றுவிட்டது, உன் அப்பா ஏமாத்திட்டியே என்று என்னைத்தான் திட்டினார். மலையில் பனியின் வெள்ளையே இல்லை, வாய்க்காலில் குப்பைதான் ஓடுகிறது. தோன் ஒனோஃப்ரே இத்தனை வருஷமாக நமக்குக் குதிரைமசால் கட்டு கொண்டுவந்து இறக்குவாரே, அவர் கிணறு போன கோடையிலேயே வற்றிவிட்டது, வயலைச் சதுரம் சதுரமாகப் பிரித்து வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். இப்போது புல் வேண்டுமென்றால் தெற்கிலிருந்து லாரி வரவேண்டும். பந்தயக் குதிரை வைத்திருக்கிறவர்கள் லாரி பாதி வழியில் இருக்கும்போதே போன் போட்டு மொத்தத்தையும் பிடித்துக்கொள்கிறார்கள், நம் ஊர்க்காரர்கள் முச்சந்தியில் விடிகாலையிலிருந்து நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள். மூவாயிரம் பெசோவுக்கு வாங்கிய கட்டு எட்டாயிரத்துக்குப் போய்விட்டது, அதையும் பிரித்துப் பார்த்தால் பாதி களை. எட்டாயிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலும் புல் இல்லை, அதனால் நீ காசு அனுப்பட்டுமா என்று கேட்டபோதெல்லாம் நான் வேண்டாம் என்றது வீம்புக்காக இல்லை.

இனிமேல் நான் எழுதுவதை நிதானமாகப் படி. பிப்ரவரியில் நம் குதிரை செர்கானை விற்றபோது, அப்பாவும் நானும் கலந்து பேசி விற்றோம் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். உன் அப்பாவைக் கேட்காமல் நான்தான் விற்றேன். ஜனவரியில் அவருக்கு நெஞ்சைப் பிளந்து தைத்து அனுப்பும்போது, ஆறு மாசத்துக்கு ஒரு வாளியைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார், நீயும் போனில் இருந்தாய். வீட்டுக்கு வந்து பத்தாம் நாள் படுக்கையில் ஆளைக் காணோம். தேடிக்கொண்டு போனால் வாய்க்கால் ஓரத்தில் கையில் அரிவாளோடு உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் ஒரு கைப்பிடி காய்ந்த புல், சட்டையில் தையல் போட்ட இடத்தில் ரத்தம். குதிர பட்டினி கிடக்குது, நீ என்னைப் படுக்கச் சொல்றியா என்று என்மேல் எரிந்து விழுந்தார். அவரைத் தாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. மறுநாள் அவர் மாத்திரை மயக்கத்தில் தூங்கும்போது பழவண்டிக்காரன் எவரிஸ்தோவை வரச்சொல்லி, தலைக்கயிற்றோடு கையில் பிடித்துக் கொடுத்துவிட்டேன். எழுந்து கொட்டகையைப் பார்த்தவர் சத்தம்கூடப் போடவில்லை. சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தவர்தான், இரண்டு மாசம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சூப்பை வைத்தால் குடிப்பார், கிண்ணத்தைத் தரையில் வைப்பார், அவ்வளவுதான். நாற்பத்து மூன்று வருஷம் இந்த மனுஷனோடு சண்டை போட்டே பழகியவள் நான், சத்தமில்லாத வீட்டில் எனக்குக் கை கால் ஓடவில்லை.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு குவாசிமோதோ திருநாள் வந்தது. நோயாளிகள் வீட்டுக்குச் சாமியார் நற்கருணை கொண்டுபோகும்போது வண்டிக்கு முன்னால் குதிரையில் மணி அடித்துப் போவது உன் அப்பாதானே எப்போதும். இந்த வருஷம் நோயாளிகள் பட்டியலில் பெயரைக் கொடுங்கள் தோன் அவுரேலியோ என்று கோயிலிலிருந்து வந்து கேட்டார்கள், சுவரைப் பார்த்தபடியே சொல்லிவிட்டார், நான் மணி அடிக்கிறவன், மணிச்சத்தம் கேட்டுப் படுத்துக் கிடக்கிறவன் இல்ல, போங்கய்யா என்று. அதனால் நான் வாசலில் ஒரு காகிதப் பூகூடக் கட்டவில்லை. புல் விலையில் குதிரை வைத்திருப்பவர்கள் குறைந்துபோய் இந்தத் தடவை பாதிப் பேர் சைக்கிளில்தான் வந்தார்கள், வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு பெடல் மிதிக்கிறதைப் பார்க்கச் சிரிப்புத்தான் வந்தது. முன்னால் மணியோடு எவரிஸ்தோ வந்தான், செர்கான்மேல். நம் வாசல் வந்ததும் அந்தக் குதிரை அவன் இழுத்த இழுப்புக்கு வராமல் நேரே நம் முற்றத்துக்குள் நுழைந்துவிட்டது. பதினோரு வருஷம் எங்கே போனாலும் அங்கேதானே திரும்பியது, விற்றதும் வாங்கியதும் அதற்கு யார் சொன்னார்கள். அது நுழைந்ததும் பின்னால் வந்த அத்தனை குதிரையும் சைக்கிளும் சாமியார் வண்டியும் உள்ளே வந்துவிட்டன. சாமியார் இறங்கி, இங்க யாருக்கும்மா உடம்பு சரியில்ல, பட்டியல்ல இந்த வீடு இல்லையே என்று கேட்கிறார். எனக்குக் கையெல்லாம் சோப்பு. இருக்காரு சாமி, வாங்க என்று சொல்லி, மேஜைத்துணியை உருவி, கறை தெரியாமல் மறுபக்கமாகத் திருப்பி விரித்தேன்.

செர்கான் அப்பாவின் ஜன்னலுக்குக் கீழே போய் நின்று மூச்சு விட்டது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவர் சுவரை விட்டுத் திரும்பினார். அழுதுகொண்டே நற்கருணை வாங்கினார் மகளே, உன் அப்பா அழுது நீ பார்த்ததில்லை, நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், இது மூன்றாவது. பிறகு கையை ஊன்றி எழுந்து ஜன்னல் வழியாக அதை மேலும் கீழும் பார்த்தார். வயிறு நல்லாத்தான் இருக்கு, பிடரிய மட்டும் இப்பிடி ஒட்ட வெட்டாதடா, கழுதன்னு நெனைக்கப் போறாங்க என்று எவரிஸ்தோவிடம் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, சாமிக்குத் தண்ணி குடுத்தியா கிழவி என்றார். அன்றைக்கு அவர் சொன்ன அந்தக் கிழவி என்ற வார்த்தைக்காக நான் கோயிலில் இரண்டு மெழுகுவர்த்தி அதிகமாக ஏற்றினேன். அன்றிலிருந்து மாசத்தின் முதல் வெள்ளிக்கிழமை சாமியார் வீட்டுக்கே வந்து அவருக்கு நற்கருணை கொடுக்கிறார். அன்றிலிருந்து தினமும் காலையில் என்னிடம் ஒரே கேள்வி, செர்கான் எப்படி இருக்குதாம். நல்லா இருக்குதாம் என்பேன். அதற்கப்புறம்தான் ரொட்டியைத் தொடுவார்.

ஜூன் முடியப்போகிற ஒரு சனிக்கிழமை எவரிஸ்தோ வந்தான். உள்ளே வரவில்லை, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கோதுமை வைக்கோல் போட்டுப் பார்த்தானாம், சோளத்தட்டை போட்டானாம், கடைசியில் ரொட்டிக்கடையில் மிஞ்சியதை வாங்கிப் போட்டு அதற்கு வயிற்றுவலி கண்டு, வலி தணிய ஒரு நாள் முழுக்க அதை நடத்திக்கொண்டே இருந்தானாம். விலா எலும்பு எல்லாம் தெரியுதும்மா, எனக்குக் காசே வேணாம், சும்மா திருப்பி எடுத்துக்கிறீங்களா, என்னால பட்டினி போட்டுப் பாத்துக்கிட்டு இருக்க முடியல என்றான். அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன், அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். திருப்பி எடுத்தால் அவர் அரிவாளை எடுப்பார், வாய்க்காலில் புல்லும் இல்லை, இல்லாத புல்லைத் தேடி மலை வரைக்கும் போவார், அது எனக்கு என் கையைப் போலத் தெரியும். வேண்டாம்ப்பா, கூட்டிட்டுப் போ என்றேன். எங்க கூட்டிட்டுப் போவேன்னு கேக்க மாட்டீங்களாம்மா என்றான். கேக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த சட்டையைத் திரும்பவும் பிழிந்தேன். இறைச்சிக்குக் குதிரை ஏற்றுகிற லாரி திங்கட்கிழமைதான் ஊருக்கு வரும். செவ்வாய்க்கிழமை சந்தையில் அவனைப் பார்த்தேன், பைக்குள்ளிருந்து செர்கானின் தலைக்கயிற்றை எடுத்து நீட்டினான், நான் வாங்கவில்லை.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு காலையும் உன் அப்பா கேட்டார், நான் நல்லா இருக்குதாம் என்று சொன்னேன். அது மட்டும் போதவில்லை, ஒரு நாள் புது லாடம் அடிச்சிருக்காங்களாம் என்றேன், ஒரு நாள் வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டு முட்டைக்கோசைத் தின்னுடுச்சாம் என்றேன், அதைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இப்படிப் பொய் சொல்கிறேன் என்று சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யவும் முடியாது, இனிமேல் செய்ய மாட்டேன் என்று சொன்னால்தானே மன்னிப்பு, நான் மறுநாள் காலையிலும் சொல்லத்தானே போகிறேன். பாவசங்கீர்த்தனம் இல்லாமல் நற்கருணை வாங்க எனக்குத் துணிவில்லை. அதனால் முதல் வெள்ளிக்கிழமை சாமியார் வந்து அவருக்குக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பும்போதெல்லாம், வெறும் வயிற்றோடுதானே நற்கருணை வாங்கவேண்டும், நான் ரொட்டி சாப்பிட்டுட்டேன் சாமி என்று சொல்லிவிடுவேன். ஜூலையில் சொன்னேன், ஆகஸ்டில் சொன்னேன், போன வெள்ளிக்கிழமையும் சொன்னேன்.

சாமியார் போனபிறகு உன் அப்பா என்னைக் கூப்பிட்டார். மூணு மாசமா சாமி வர்ற அன்னைக்கு மட்டும் உனக்கு விடிஞ்சதும் பசிக்குது கிழவி என்றார். வயசாகுதில்ல என்றேன். பதினெட்டாம் தேதி தேசிய நாளுக்குக் குதிரைக்காரர்கள் எல்லாம் நம் தெரு வழியாகத்தான் மைதானத்துக்குப் போவார்கள், எவரிஸ்தோவும் செர்கான் இல்லாமல் போவான், அதை நினைத்துத்தான் எனக்குப் பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை, அன்றைக்கு என்ன பொய் சொல்வது என்று. அவர் சொன்னார், பதினெட்டாம் தேதி குதிரைங்க போறப்ப அந்த ஜன்னல் திரையை இழுத்து விட்டுடு, வெயில் கண்ணக் குத்தும் என்று. அந்த ஜன்னலில் வருஷம் முழுக்க வெயில் எட்டிப் பார்த்ததில்லை, அங்கே துணி காயாது என்று நான் எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன், உனக்கே தெரியும். சரி, இழுத்து விடுறேன் என்றேன். என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினார், பிறகு தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

அதனால்தான் இதை அவசரமாக எழுதுகிறேன். வரும் ஞாயிறு போன் பண்ணும்போது செர்கானைப் பற்றி நீயாக எடுக்காதே. அவரும் எடுக்க மாட்டார் என்று நினைக்கிறேன், சனிக்கிழமை கேட்கவில்லை, நேற்றுக் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்காமலே ரொட்டியைச் சாப்பிட்டார். என்மேல் கோபம் வந்தால் வரட்டும், உனக்கும் அந்தக் குதிரைமேல் உரிமை உண்டு, பெயர் வைத்தவள் நீ. கேள்விக்குப் பயந்து பயந்து எழுந்தவள்தான் நான், இப்போது இந்த மூன்று நாளாகக் காலையில் அவர் கேட்பாரா என்று கதவோரம் நிற்கிறேன். அவர் கேட்டு நான் பொய் சொன்னபோதாவது அது ஒரு நாளைக்கு ஒரு தடவை உயிரோடு இருந்தது.

மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் குழந்தையையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் வேலையும் உன் வீடும் நிறைந்து இருக்கட்டும். குழந்தைக்குக் காதை மூடாமல் வெளியே கூட்டிப்போகாதே, அந்த ஊர்க்காரர்கள் காற்று நல்லது என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். முதியோர் விடுதியில் இரட்டை வேலை எடுத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு, பதில் எழுதாதே, அவர்தான் உறையைப் பிரிப்பார்.

உன்னை முத்தமிட்டு ஆசீர்வதிக்கும்
உன் அம்மா
சுனில்டா