நீ கையால் மாற்றிய இரண்டு வரிகள்

போன வியாழக்கிழமை அலுவலகக் கணினியில் ஒரு பழைய கோப்பை அழித்துவிடச் சொன்னார்கள். அழிக்கும் முன் திறந்து பார்த்தேன். வரிக்கு வரி முகவரிகள். ஒவ்வொரு வரியையும் யார், எப்போது மாற்றினார்கள் என்று ஓரத்தில் காட்டுமே, அங்கே மேலிருந்து கீழ்வரை உன் பெயர். காலை ஆறே முக்காலுக்கு, மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆயுத பூஜை விடுமுறையன்றுகூட. அழிக்கவா என்று கணினி கேட்டது. வேண்டாம் என்று அழுத்திவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நம் வேலையை வீட்டில் விளக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். கண்டெய்னர் என்றதும் அப்பா ஜூஜுவாடி சோதனைச்சாவடியில் வரிசையாக நிற்கும் லாரிகளைத்தான் நினைத்தார். நீ என் போனைப் பிடுங்கி அவரிடம் பேசினாய்.

"அப்பா, ஃபேக்டரி கேட்டுல ஆளுங்க கார்டு காட்டுவாங்கல்ல? அதப் பாத்துக் கேட்டத் திறக்க உள்ள நாலு பேரு இருக்காங்கன்னு வைங்க. மனுசங்க இல்ல, புரோகிராம். ஒவ்வொண்ணும் ஒரு டப்பாக்குள்ள. யாருகிட்ட கூட்டம் கம்மியோ அங்க ஆள அனுப்ப முன்னாடி ஒருத்தன் நிக்கறான். லோடு பேலன்சர்னு பேரு. இந்த டப்பாங்க திடீர் திடீர்னு செத்துப்போயி புதுசா வரும். வந்தா விலாசம் மாறிடும். அந்த விலாசத்த அவனுக்குச் சொல்றதுதான் எங்க வேலை."

"அப்ப தபாலாபீஸ் உத்தியோகமாம்மா?"

"எனக்கு அப்படித்தான். உங்க பொண்ணு இஞ்சினியராச்சே, பெரிய உத்தியோகம்" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய்.

நமக்கு ஒரே வயது. நீ டிப்ளமோ, ஒப்பந்தத்தில் இருந்தாய். நான் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி, நிரந்தரப் பணி. என் பெயரை விட்டுவிட்டு ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவாய். "ஏய் கல்லாவி, வாயத் தொறந்து பேசினா முத்து உதிர்ந்துருமா?" நான் சிரிப்பேன். அதற்கும் பேசமாட்டேன்.

புதிய முகவரிகளை நீ கையால் எழுதிக்கொண்டிருந்ததை, தானாகவே மாறும்படி செய்ய ஒரு ஸ்கிரிப்ட், சின்ன புரோகிராம், எழுதும் வேலை எனக்கு வந்தது. உனக்கு வருத்தமாக இருக்கும் என்று இரண்டு நாள் உன்னிடம் சொல்லவில்லை. தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் படித்தாய். ஓர் இடத்தில் விரலை வைத்தாய்.

"டப்பா பொறந்த உடனே பட்டியல்ல சேத்துடுதே இது? அது எந்திரிக்கவே ஒரு நிமிசம் ஆகும்டி. எந்திரிச்சியான்னு ஒரு வார்த்த கேட்டு, ஆமான்னு சொன்னா சேத்துக்க."

சரிதான். அந்தச் சோதனையை எழுத எனக்கு இன்னும் ஒரு நாள் வேண்டும். மறுநாள் காலைக் கூட்டத்தில் மேலாளர், "முடிஞ்சுதா?" என்றார். ஒரு நாள் வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. "முடிஞ்சுது சார்" என்றேன். நீ திரும்பிப் பார்த்தாய்.

அன்றே அந்த ஸ்கிரிப்டை ஓடவிட்டார்கள். மதியம் இரண்டு மணிக்கு ஷிப்டு மாறும் நேரம். நான்கு கண்டெய்னர்களும் ஒருசேரப் புதிதாக மாறின. என் ஸ்கிரிப்ட் அவை பிறந்த நொடியே முகவரிகளைச் சேர்த்தது. கேட்டில் நின்ற அத்தனை பேரின் கார்டும் கண் விழிக்காத புரோகிராம்கள்மேல் போய் விழுந்தது. அவை தாங்காமல் செத்தன. புதிதாக வந்தவையும் அப்படியே செத்தன. வெயிலில் டிபன் பையோடு பெண்கள் வரிசை சர்வீஸ் ரோடுவரை நீண்டதைக் கேட் கேமராவில் பார்த்தோம். என் கைகள் விசைப்பலகைமேல் அப்படியே இருந்தன. நீ உன் மேசையிலிருந்து என் ஸ்கிரிப்டை நிறுத்தினாய். இரண்டு டப்பாக்கள் எழுந்து பதில் சொல்லும்வரை காத்திருந்து, அவற்றின் முகவரிகளை மட்டும் கையால் எழுதினாய். இரண்டு வரிகள். வரிசை நகர்ந்தது.

மாலையில் மேலாளர் பதிவுகளைத் திரையில் போட்டார். "தானா ஓடிட்டிருந்தத நிறுத்திட்டுக் கையால மாத்தினது யாரு?"

"நான்தான் சார்" என்றாய்.

"அதான பாத்தேன். பழைய பழக்கம் உன்ன விட்டுப் போகுமா."

அறையில் ஐந்து பேர் இருந்தோம். நீ என்னைப் பார்த்தாய். கோபமாக இல்லை, அடுத்துப் பேச வேண்டியவள் நான் என்பதைப்போலப் பார்த்தாய். நான் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அறிக்கையில், கையால் செய்த மாற்றமே காரணம் என்று உன் பெயரோடு ஏறியது. மாதக் கடைசியில் உன் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.

கடைசி நாள் உன் டிராயரைக் காலி செய்தபடி, தலை நிமிராமல் சொன்னாய்: "நீயே சொல்லுவேன்னு பாத்தேன் கல்லாவி. சரி, விடு. அந்தச் சோதனைய மட்டும் போட்டுடு. பாவம், ஜனங்க வெயில்ல நிக்கறாங்க."

போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட் நிற்கவில்லை. எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. எட்டு மாதம் கழித்து, உனக்குக் காய்ச்சல் என்றும் நீ இல்லை என்றும் ஒரே செய்தியாக வந்தது. இடைப்பட்ட எட்டு மாதத்தில் உன் எண்ணை எத்தனையோ முறை எடுத்து வைத்துக்கொண்டு, அழைக்காமல் விட்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை முகம் கழுவி வந்த பிறகு அந்தப் பழைய அறிக்கையைத் தேடி எடுத்தேன். காரணம் என் ஸ்கிரிப்ட், அதைச் சரிசெய்ததுதான் அந்தக் கை மாற்றம் என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டு மேலாளரிடம் கொடுத்தேன். இப்போதைய மேலாளர் புதியவர். "பழைய கதைதானே, இப்ப எதுக்கு?" என்றார். இவ்வளவு எளிதா இது என்று கூசிப்போனேன்.

ஞாயிறன்று ஜூஜுவாடியில் உன் வீட்டுக்குப் போனேன். "ரா பாப்பா, கூர்ச்சோ" என்று தெலுங்கில் உட்காரச் சொல்லி உன் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவளுக்குத் தெரியுமா, தப்பு உன்னுதுன்னு?"

"தெரியும்மா."

உன் அம்மா அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார். "புது வேலைக்குக் கெளம்பறப்பெல்லாம் சொல்லுவேன், அங்கயாச்சும் கவனமா இருடின்னு. சரிம்மா, சரிம்மான்னுட்டுப் போவா" என்றார். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "வேல போனப்ப இந்தத் தெரு பூரா நான்தான் சொன்னேன், இவ கவனமில்லாதவ, அதான் அனுப்பிட்டாங்கன்னு. வா. நீயே வந்து சொல்லு."

என் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துப்போனார். முதல் வீட்டில் நான் சொல்லத் தொடங்கும்வரை அவர் காத்திருந்தார். மூன்றாவது வீட்டில் ஓர் அம்மா, "இத்தன நாளு வாயில என்ன வச்சிருந்த?" என்று கேட்டார். ஒவ்வொரு வாசலிலும் நான் சொல்லி முடிக்கும்வரை உன் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். தமிழ் புரியாதவர்களுக்குத் தெலுங்கில் அவரே திருப்பிச் சொன்னார். உன் பெயர் வரும் இடத்தில் மட்டும் அவர் குரல் உயர்ந்தது.

ஐந்தாவது வீடு பூட்டியிருந்தது. பக்கத்துச் சந்திலும் நாலு வீடு இருக்கிறது என்றார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம வா."

போகிறேன்.