டிசம்பர் முப்பத்தொன்று வரைக்கும்

ட்வெயின்,

ஃபிரிட்ஜ்ல சோளச் சூப் இருக்கு, சூடு பண்ணிக்கோ. வரிக்கணக்குப் போடுற கிளாரிஸ் நாலு மணிக்கு வருவா.

"விவாகரத்தை ஜனவரிக்குத் தள்ளிப் போடலாம், இந்தக் கிறிஸ்துமஸாவது ஒண்ணா இருப்போம்"னு நீ கெஞ்சினப்போ, உன் மனசு மாறிடுச்சுன்னு நம்பி பீக்கன் பைன்னு உனக்குப் பிடிச்ச இனிப்பெல்லாம் செஞ்சேன். நேத்து கிளாரிஸ் போன்ல சிரிக்கிறா: "உன் வீட்டுக்காரர் பயங்கரக் கெட்டிக்காரர்! வருஷக் கடைசி நாள்ல தம்பதியா இருந்தாப் போதும், வருஷம் பூராவுக்கும் ரெண்டு பேரும் சேர்ந்து கூட்டு வரிக்கணக்கு காட்டலாம், வரியும் குறையும். அக்டோபர்லயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாரே!"

கூட்டுக் கணக்குல நான் கையெழுத்துப் போடமாட்டேன். மத்திய வரி, கேன்சஸ் மாநில வரி ரெண்டுலயும் 'மணமானவர், தனிக் கணக்கு'ன்னு எழுதித் தபால்ல சேர்த்துட்டேன்.

என்கிட்ட இருந்த வீட்டுச் சாவி பூந்தொட்டிக்கு அடியில.

லொரேன்

பி.கு: கிறிஸ்துமஸ் அன்னிக்கு எனக்குக் குடுத்த முத்தத்துக்கு எவ்வளவு வரி கழியும்னு அவகிட்டயே கேளு.