வெற்றிலைச் சிவப்பு

பவுடர் டப்பா காலியானால் வீட்டையே இரண்டாக்கும் என் ஆசை அம்மாவுக்கு,

நீ போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உன் படத்துக்கு முன்னால் நின்று எவ்வளவோ பேசியிருக்கிறேன், ஒரு விஷயத்தைத் தவிர. அதை அண்ணனிடம் சொல்லியாகிவிட்டது, டாக்டரம்மாவிடம் சொல்லியாகிவிட்டது, தெருவுக்கே தெரியும். உன்னிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. எழுதினால் வரும் போலிருக்கிறது, எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. நீ அதைத்தான் கேட்பாய். அரசாங்கம் கொடுத்த மிக்சி வந்திருக்கிறது. அண்ணி அதைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்காமல் பீரோ மேல் வைத்து அழகு பார்க்கிறாள். என் பெரியவன் எட்டாவது போய்விட்டான். உன் மூக்கு அப்படியே அவனுக்கு, உன் வாயும்தான்.

என் வேலை இன்னும் அதே இடத்தில்தான். மேல்பட்டாம்பாக்கத்தில் ரேஷன் கடைக்குப் பக்கத்தில் அந்த ஒற்றை அறை. ஒரு கம்ப்யூட்டர், அதன் தலையில் சின்ன கேமரா, பி.பி. பார்க்கும் கருவி, தெர்மாமீட்டர், நர்ஸ் படிப்பு படித்த நான். அந்தப் பக்கம் சிதம்பரத்தில், அண்ணாமலை நகரை ஒட்டிய கிளினிக்கில் டாக்டரம்மா. நோயாளி இங்கே உட்காருவார், டாக்டரம்மா அங்கிருந்து திரையில் பார்ப்பார். மழை வந்தால் லைன் போய்விடும். வாய் அசைந்து முடிந்த பிறகுதான் குரல் வரும். நீதான் இதற்கு 'செல்வியோட சினிமா கொட்டாய்' என்று பேர் வைத்தாய், ஞாபகம் இருக்கிறதா?

பேர் பொருத்தமாகத்தான் இருந்தது. நம் ஊர்க்காரர்களுக்குக் கேமரா என்றால் போட்டோ ஸ்டூடியோ. வயிற்றுப்போக்கோடு வருகிறவர்கூட எண்ணெய் வைத்துப் படிய வாரி, சலவைச் சட்டை போட்டுத்தான் வருவார். பெண்கள் பவுடர் பூசி, பூ வைத்து, விசேஷத்துக்குக் கட்டும் புடவையில் வந்து உட்காருவார்கள். டாக்டரம்மா "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "நல்லா இருக்கறேங்க." நல்லா இருக்கிறவருக்கு இங்கே என்ன வேலை என்று நானும் அவரும் சிரிப்போம். சிரிப்பதோடு நிறுத்திக்கொண்டோம். முகத்தைக் கழுவிவிட்டு வாருங்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. ஆசையாக வருகிறவர்களிடம் எப்படிச் சொல்வது?

அப்புறம் பன்றிக் காய்ச்சல் வந்தது. பஸ்ஸில் ஒருவர் தும்மினால் பக்கத்து சீட் காலியானது. முகமூடி கிடைக்காமல் ஆண்கள் கைக்குட்டையையும் பெண்கள் முந்தானையையும் மூக்கில் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். கடலூரில் தனி வார்டு போட்டிருந்தார்கள். அங்கே போனவர் திரும்ப மாட்டார் என்று டீக்கடையில் பேச்சு. பிழைத்து வந்தவர்கள் நம் தெருவிலேயே இருந்தார்கள், ஆனாலும் பேச்சு நிற்கவில்லை.

அந்த நாட்களில்தான் என் சினிமா கொட்டாய்க்கு மவுசு வந்தது. காய்ச்சல்காரர்கள் ஆஸ்பத்திரியில் கூட்டமாக உட்கார்ந்து ஒருத்தருக்கொருத்தர் ஒட்டவைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒவ்வொருவராக வந்து திரைக்கு முன் உட்கார்ந்தால் போதும். சாதாரணக் காய்ச்சல் என்றால் டாக்டரம்மா மாத்திரை சொல்லி வீட்டிலேயே இருக்கச் சொல்வார். மூச்சுத் திணறுகிறவர்களைக் கடலூருக்கு அனுப்புவார். யார் வீட்டுக்கு, யார் கடலூருக்கு என்று பிரிப்பதுதான் அப்போது முக்கால்வாசி வைத்தியம்.

அதை அத்தனை தூரத்திலிருந்து அவர் எப்படிப் பிரித்தார்? என்னை வைத்துத்தான். தொட்டுப் பார்க்க அவருக்கு என் கை, முகர்ந்து பார்க்க என் மூக்கு. மூச்சு போதாதவர்களுக்கு உதடும் நகமும் நீலம் பூக்கும். கேமராவில் நிறம் சரியாகத் தெரியாது, எல்லாருமே கொஞ்சம் நீலமாகத்தான் தெரிவார்கள். அதனால் ஒவ்வொருவருக்கும் கேட்பார், "செல்வி, உதடு நீலம் பூத்திருக்கா பாருங்க" என்று. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கும் கருவி அப்போது எங்களுக்கு வந்து சேரவில்லை. என் கண்தான் கருவி.

உனக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். நான் வாக்கப்பட்டது அடுத்த தெரு, நீ இருந்தது அண்ணன் வீட்டில். போனில் கேட்டால் "லேசா ஒடம்பு வலிடி" என்பாய். நான்காம் நாள் காலையில் நான்தான் வரச் சொன்னேன். மாம்பழக் கலர் புடவை, முகம் நிறையப் பவுடர், நெற்றியில் விபூதி, வாய் நிறைய வெற்றிலை. அண்ணன் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

"இன்னாம்மா, பொண்ணு பாக்கவா போற?" என்று கேட்டேன்.

"டாக்டரம்மா பாக்கறாங்க இல்ல? பேய் மாதிரியா வந்து குந்தறது?" என்றாய்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே உன்னை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

டாக்டரம்மா மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. செல்விதான் ஜாஸ்தி பயப்படறா" என்றாய். மூச்சை எண்ணச் சொன்னார். நீ பேச்சை நிறுத்தினால்தானே! அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கிச் சொன்னேன். பிறகு வழக்கம்போல உதட்டைப் பார்க்கச் சொன்னார்.

பார்த்தேன் அம்மா. செக்கச்செவேல் என்று இருந்தது. "நார்மல் டாக்டர்" என்றேன்.

இதுதான் உன்னிடம் சொல்லாத விஷயம். வெற்றிலைச் சிவப்பைப் பார்த்துவிட்டு நார்மல் என்று சொன்னேன். வேறு யாராவது அப்படி வந்திருந்தால் கொப்பளிக்கச் சொல்லியிருப்பேனோ என்னவோ. உன் வாய் எனக்கு எப்போதுமே சிவப்புதான். பிறந்ததிலிருந்து பார்த்த சிவப்பு, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். ஒரு தம்ளர் தண்ணீர் போதுமாயிருந்தது. அறையிலேயே குடம் இருந்தது.

டாக்டரம்மா மாத்திரை சொல்லி உன்னை வீட்டுக்கு அனுப்பினார். மறுநாள் மதியம், உனக்கு மூச்சு முட்டுகிறது என்று அண்ணன் போன் செய்தான். ஆம்புலன்சில் என் முந்தானையை நனைத்து உன் வாயைத் துடைத்தேன். சிவப்பு போனதும் அடியில் இருந்த நிறம் தெரிந்தது, நாவல் பழம் தின்ற பிள்ளையின் வாய் மாதிரி. நெல்லிக்குப்பம் தாண்டும்போது என் கையை இறுக்கிப் பிடித்தாய். கடலூர் போய்ச் சேரும்போது அந்தப் பிடி இல்லை.

காரியம் முடிவதற்குள்ளேயே அண்ணன் ஆரம்பித்துவிட்டான். "டிவிப் பொட்டியில பாத்து வைத்தியமா? அந்தப் பொட்டிதான் எங்கம்மாவ கொன்னுச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். டாக்டரம்மா போன் செய்து, "நான் நேர்ல பாத்திருக்கணும் செல்வி, என் தப்புதான்" என்று அழுதார். நான் இரண்டு பேரிடமும் வாயைத் திறக்கவில்லை. பெட்டி மேல் பழி, டாக்டரம்மா மேல் பழி, என் மேல் மட்டும் எல்லாருக்கும் பரிதாபம். அந்தப் பரிதாபத்தில் நான் சௌகரியமாகக் குளிர்காய்ந்தேன், அம்மா. இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

என் அறைக்கு ஆள் வருவது நின்றுபோனது. காய்ச்சல் நிற்கவில்லை. ஒரு மாதம் போயிருக்கும், கவிதாவுக்குக் காய்ச்சல் என்று காதில் விழுந்தது. அண்ணியின் தங்கைதான், உனக்கு ரொம்பப் பிடிக்குமே. ஆறு மாத கர்ப்பம். புருஷன் திருப்பூரில் வேலையில் இருந்ததால் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். ஓடினேன். அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"கஷாயம் குடுத்திருக்கோம், சரியாயிடும். கடலூருக்குப் போனா இல்லாததும் வந்து ஒட்டிக்கும். ஒன் பொட்டிகிட்ட இன்னொரு உசுர நான் அனுப்ப மாட்டேன், போ."

உள்ளே அவள் இருமுவது கேட்டது. பேச்சுக்குப் பேச்சு நடுவில் மூச்சை இழுப்பதும் கேட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"பொட்டி கொல்லலண்ணா. நான்தான். அம்மா வெத்தல போட்டிருந்துது. நான் வாயத் தொடச்சிப் பாக்காம நார்மல்னு சொன்னேன். டாக்டரம்மாவுக்கு நான் காட்டறதுதான் தெரியும். நான் தப்பாக் காட்டினேன்."

தெருவே கேட்டது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால்கூடத் தேவலை. மறித்த கையை எடுத்துக்கொண்டு தெருவைப் பார்க்க நடந்து போய்விட்டான்.

கவிதாவே சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "நான் வரேங்க்கா" என்றாள். என் அறைக்குக் கூட்டிப்போய், முகம் கழுவி, வாய் கொப்பளிக்க வைத்து, விரலில் இருந்த மருதாணி நகத்தை மறைக்கிறது என்பதால் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, ஒரு நிமிஷம் முழுசாக மூச்சை எண்ணிச் சொன்னேன். டாக்டரம்மா ஒரே பேச்சில் கடலூருக்கு அனுப்பினார், அவரே போன் செய்து வார்டுக்கும் சொல்லிவிட்டார். பதினாறு நாள் கிடந்து மீண்டு வந்தாள். பிறந்தது பெண் குழந்தை. அது இப்போது தெருவில் ஒரு கோழியை நிம்மதியாக விடுவதில்லை.

அன்றே டாக்டரம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன்.  "கொப்பளிக்கச் சொல்லணும்னு எனக்கும் தோணலையே செல்வி. எல்லா சென்டருக்கும் எழுதி அனுப்பலாம்" என்றார். இப்போது எங்கள் சுவரில் அச்சடித்த தாள் தொங்குகிறது: பவுடர் கூடாது, வெற்றிலை கூடாது, நகப்பூச்சு கூடாது. விரல் கருவியும் வந்துவிட்டது. பெண்கள் என்னைத் திட்டிக்கொண்டே முகம் கழுவுகிறார்கள்.

எல்லாம் சரியானது, அண்ணனைத் தவிர. அன்றிலிருந்து என்னோடு பேச்சே இல்லை. நல்லது கெட்டதில் நேருக்கு நேர் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவனுக்கு அந்த உரிமை உண்டு என்று நானும் இருந்துவிட்டேன்.

போன மார்கழியில் தானே புயல் அடித்தது. கடலூர் முழுக்க மரம் சாய்ந்து, கரண்டு கம்பம் சாய்ந்து, கரும்பெல்லாம் படுத்துவிட்டது. என் அறையின் கூரை ஷீட்டும் போய்விட்டது. நாலாம் நாள் நான் உள்ளே தண்ணீரை வாரிக்கொண்டிருக்கும்போது ஏணியோடு அண்ணன் வந்தான். நேரே மேலே ஏறினான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு ஷீட் போட்டு முடித்த பிறகு, கீழே பார்க்காமலே பேசினான்.

"அன்னிக்கு வெத்தல வாங்கியாந்து குடுத்தது நான்தான், செல்வி."

ஏணியைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தேன்.

"விடிஞ்சதிலேர்ந்தே அம்மாவுக்கு மூச்சு வாங்கிச்சு. கண்ணாடியப் பாத்துட்டு, ஒதடு கருத்துக் கெடக்குது, ரெண்டு வெத்தல வாங்கியாடான்னுச்சு. வார்டுல போட்டுடுவாங்கன்னு பயமான்னு கேட்டேன். அதுக்கு இல்லடா, அவ வேல பாக்கற எடம், அவ டாக்டரு முன்னாடி செல்வியோட அம்மா சீக்காளியா போய்க் குந்தக் கூடாதுன்னுச்சு. நானும் வாங்கியாந்து குடுத்தேன். தெரிஞ்சே குடுத்தேன். அதான் பொட்டியத் திட்டினேன். வேற யாரத் திட்டறது?"

இறங்கி வா என்றேன். வந்தான். ஈரத் தரையில் இரண்டு பேரும் உட்கார்ந்து, நீ போன அன்று அழாத அழுகையெல்லாம் அழுதோம். அண்ணி சோறு எடுத்துக்கொண்டு வந்து தேடும்வரை அழுதோம்.

எனக்கு உன் மேல் கோபம் வந்தது, அம்மா. இன்னும் போகவில்லை. என் மரியாதைக்காகவா மூச்சை அடக்கிக்கொண்டு சிரித்தாய்? நீ பேச்சை நிறுத்தாமல் இருந்ததும் நான் எண்ணிவிடக் கூடாது என்றுதானா? என்னைப் பார்த்துப் பெருமைப்பட வேண்டிய இடம், நீ சொஸ்தமாக எழுந்து நடந்திருக்க வேண்டிய இடம் அல்லவா அது?

ஒரு சத்தியம் செய்கிறேன், கேட்டுக்கொள். இனிமேல் யார் தவறு என்று நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் கேட்க மாட்டோம். என் அறைக்கு வருகிற எவரையும், அவர்கள் உட்காருவதற்கு முன்னால், "இங்க நல்லா இருக்கற மாதிரி காட்டிக்க வேணாம்" என்று சொல்லித்தான் உட்கார வைப்பேன். தினமும் சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் அது உன்னிடம் சொல்வதாகத்தான் என் வாயிலிருந்து வருகிறது. எனக்காக நீ நல்லா இருந்திருக்க வேண்டாம் அம்மா, சீக்காளியாகவே வந்து உட்கார்ந்திருக்கலாம்.

இப்படிக்கு,
சீக்காளி அம்மாவே போதும் என்று இருக்கும்
உன் மகள் செல்வி