இரண்டு ரயில் பாதைகள் சேரும் இடத்தில் ஓர் அறை

மார்ச் 3, செவ்வாய்

லீவு கிடைத்துவிட்டது. கடை முதலாளி முகம் சுளிக்கவில்லை. "போயிட்டு வாங்கம்மா, லென்ஸெல்லாம் நானே வெட்டிக்கறேன்" என்றார். அவர் வெட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஓரம் பிசிறடித்த மூக்குக்கண்ணாடியோடு நாலு பேர் சண்டைக்கு வந்து நிற்பார்கள். நிற்கட்டும். இத்தனை வருஷம் ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டாயிற்று. என் பிள்ளைகள் இரண்டு பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து என் கண்ணால் ஒரு தடவை பார்க்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

மகள் அந்தப் பெரிய நகரத்தின் வடகோடியில் இருக்கிறாள். மகன் தென்கோடியில். என் வீட்டுக்காரர் போன நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. "வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தியே ஆகணும்னு அவ நின்னா. அலைக்கழிச்சே கொன்னுட்டா" என்கிறான் மகன். "அவன் குறுக்கே நிக்காம இருந்திருந்தா ஒரு வாரம் முன்னாடியே மாத்தியிருப்போம். அப்பா பொழைச்சிருப்பார்" என்கிறாள் மகள். மாற்றிக்கொண்டு போகும் வழியில், ஆம்புலன்ஸிலேயே அவர் போய்விட்டார். எங்கே வைத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். இரண்டு பேரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. குற்றம் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது போல.

மார்ச் 5, வியாழன்

எங்கே தங்குவது? இதுதான் மண்டையைக் குடைகிறது. மகன் வீட்டில் தங்கினால் மகள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். மகள் வீட்டில் தங்கினால் மகன் தெருமுனை வரை வந்து, "கீழ இறங்கி வாம்மா" என்று போன் செய்வான். செய்யக்கூடியவன்தான்.

மத்தியானம் கூட்டம் இல்லை. கடையில் பில் போடும் பெண்ணிடம் அந்த ஊர் வரைபடத்தைப் போனில் எடுத்துக் காட்டச் சொன்னேன். மகள் வீட்டிலிருந்து ஒரு ரயில் பாதை கீழே இறங்குகிறது. மகன் வீட்டிலிருந்து இன்னொன்று மேலே ஏறுகிறது. நட்டநடுவே ஒரு பெரிய ஜங்ஷன். ஃபிரேமில் லென்ஸ் பொருத்துவதற்கு முன்னால் நடுப்புள்ளி குறிப்போம் இல்லையா, அந்தக் கைப்பழக்கத்தில் விரல் தானாகவே அங்கே போய் நின்றது.

"சூப்பர் இடம் ஆன்ட்டி. எங்கேர்ந்து வந்தாலும் வண்டி மாற வேண்டாம். ஸ்டேஷன் வாசல்லயே ரூம் இருக்கு பாருங்க" என்றாள்.

அதேதான் எனக்கும் வேண்டும். தூரம், அலைச்சல், வண்டி கிடைக்கவில்லை என்று ஒரு பயலும் சாக்குச் சொல்ல முடியாத இடம். நான் போட்ட கணக்கை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. மாலையில் ரூம் பதிவு செய்தாகிவிட்டது.

மார்ச் 8, ஞாயிறு

இரண்டு பேருக்கும் போன் செய்தேன்.

"ரூமா? எதுக்கும்மா ரூம்?" மகன்.

"வந்துபோக வசதிடா."

"யாருக்கு வசதி?"

"எல்லாருக்கும்தான்."

"சரி. உன் இஷ்டம்."

மகளும் அப்படித்தான். "உன் இஷ்டம்மா." ஒரே வயிற்றில் பிறந்ததுகள் என்பது இதிலாவது தெரிகிறதே என்று சிரித்துக்கொண்டேன்.

மார்ச் 14, சனி

வந்து சேர்ந்தேன். மூன்றாவது மாடி. கட்டில், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் ஆணியடித்த கண்ணாடி. ஜன்னலைத் திறந்தால் நடைமேடைகள் எல்லாம் தெரிகின்றன. அறிவிப்புச் சத்தம் ஓயவே மாட்டேன் என்கிறது.

கீழே வரவேற்பில் இருப்பவரிடம் இன்னொரு நாற்காலி கேட்டேன். "எத்தனை பேர் தங்கறீங்க?" என்றார். "நான் ஒருத்திதான். ஆனா நாற்காலி மூணு வேணும்" என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனாலும் கொண்டுவந்து போட்டார்.

மார்ச் 15, ஞாயிறு

மகன் வந்தான். இளைத்திருக்கிறான். வாங்கிவந்த பழங்களை மேசையில் வைத்துவிட்டு, உட்காருவதற்கு முன்னாலேயே "அவ எப்ப வர்றா?" என்றான். அவ. அக்கா என்ற வார்த்தை செத்துப்போய்விட்டது அவன் வாயில். நாளைக்குத்தான் என்றேன். அப்புறம்தான் நாற்காலியில் சாய்ந்தான்.

மார்ச் 16, திங்கள்

ஆபீஸ் முடிந்து மகள் வந்தாள். "நேத்து அவன் வந்தானா? அப்ப இன்னிக்கு வர மாட்டான். நல்லது." பையைக் கழற்றி வைத்தாள். என் கால் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாக நெட்டி முறித்தாள், சின்ன வயதில் செய்கிற மாதிரி. அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் எடுக்கவில்லை. பயம்தான்.

மார்ச் 18, புதன்

இன்று மகளின் முறை. நேற்று மகனின் முறை. என்னைப் பார்க்க முறை வைத்துவிட்டார்கள் — பேசிக்கொள்ளாமலேயே எப்படி இவ்வளவு கச்சிதமாக?

மார்ச் 19, வியாழன்

"கிளம்பறேன்மா, வண்டி வந்துடும்" என்றான் மகன்.

"இதை விட்டா அடுத்தது எப்போ?"

"இருக்கு, ஆறேழு நிமிஷத்துல."

"அப்ப அதுல போயேன்டா."

உட்கார்ந்தான். அது வந்தது. எழுந்தான். அடுத்ததில் போ என்றேன். சிரித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தான். அப்படியே இன்னும் ஒன்று. அதற்கு மேல் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது.

வருவதற்கு வசதியான இடம் என்று பார்த்துப் பார்த்து எடுத்தேன். போவதற்கும் அதே வசதி என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. வீடு என்றால், நேரமாகிவிட்டது, படுத்துட்டுக் காலையில போ என்று சொல்லலாம். இங்கே எங்கே படுக்க வைப்பேன்?

மார்ச் 20, வெள்ளி

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வா என்று அவனிடமும் சொல்லிவிட்டேன், அவளிடமும் சொல்லிவிட்டேன். ஒருத்தர் வருவது ஒருத்தருக்குத் தெரியாது. தப்புதான். வேறு வழி தெரியவில்லை. நேருக்கு நேர் பார்த்துவிட்டால் இரத்தம் பேசாதா?

மார்ச் 22, ஞாயிறு

எழுதிவிட்டால் மனசு ஆறும் என்று எழுதுகிறேன்.

மகன் முதலில் வந்தான். மூன்று தட்டு வைத்திருந்ததைப் பார்த்தான். "யாரும்மா?" என்று கேட்டபோதே அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்திருக்கப் போனான். அதற்குள் திறந்திருந்த கதவுக்கு வெளியே மகள். கையில் சாப்பாட்டுப் பை. உள்ளே கால் வைக்கவில்லை.

"சொல்லவே இல்லையேம்மா நீ."

"வாடி, உள்ள வா. ரெண்டு பேரும் உக்காந்து ஒரு வாய் சாப்பிடுங்க. எனக்காக."

சண்டை வரும் என்று எதிர்பார்த்துத்தான் இருந்தேன். அவனும் அவளும் அடித்துக்கொள்வார்கள், நான் நடுவில் புகுந்து விலக்குவேன், அப்புறம் அழுவார்கள், எல்லாம் சரியாகிவிடும். இதுதான் நான் மனதில் ஓட்டிப் பார்த்தது. ஆனால் அவள் அவனைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் கத்தினாள்.

"உனக்காக ஒரு ரூமையே காலி பண்ணி வெச்சிருக்கேன் தெரியுமா? ஜன்னல் பக்கமா கட்டில் போட்டேன். உன் மூட்டு வலிக்கு ஏத்த மாதிரி உயரம் பார்த்து வாங்கினேன். அப்பாதான் இல்லை, அம்மாவாவது வந்து இருப்பான்னு நினைச்சேன். நீ என்னடான்னா வாடகை ரூம்ல உக்காந்துக்கிட்டு, யாரோ விருந்தாளி மாதிரி என்னை வந்து பார்த்துட்டுப் போகச் சொல்ற. ரயில்ல வரும்போதெல்லாம் அழுதுக்கிட்டே வர்றேன், தெரியுமா உனக்கு?"

அப்போது மகன், தரையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னான்: "என் வீட்லயும் கட்டில் போட்டுத்தான் வெச்சிருக்கேன்."

அப்போதுதான் அவள் அவனைப் பார்த்தாள். ஒரே ஒரு நொடி.

பையைக் கதவோரம் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவனும். சாப்பிடவில்லை. ஜன்னலில் நின்று பார்த்தேன். இந்தக் கடைசி நடைமேடையில் அவள். அந்தக் கடைசியில் அவன். வண்டி வந்துவிட்டது. இந்தச் சனியன் பிடித்த ஸ்டேஷனில் வண்டி வராமல் இருக்கவே இருக்காதா?

மார்ச் 23, திங்கள்

அறையைக் காலி செய்துவிட்டேன். "இன்னும் ரெண்டு நாள் இருக்கே?" என்றார் வரவேற்பில் இருப்பவர். வேலை முடிஞ்சிடுச்சு என்றேன்.

யாருக்கும் குறை வைக்கக் கூடாது என்று தேடித் தேடி ஓர் இடம் பிடித்தேன். இரண்டு பேருக்கும் குறை வைத்தேன். அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைகள், அம்மா வந்து தங்குவாள் என்று கட்டில் வாங்கிப் போட்டுக் காத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே. அவர்கள் சண்டை மட்டும்தான் என் கண்ணில் பட்டது. முதலில் ஒரு வீட்டுக்குப் போய் அந்தக் கட்டிலில் படுத்திருக்க வேண்டும். மற்றவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும் என்று இருந்திருக்க வேண்டும். பெற்றவளுக்கு அந்த உரிமை கூடவா இல்லை?

இரண்டு பேரிடமும் போனில் மன்னிப்புக் கேட்டேன். மகன், "பரவால்லம்மா" என்றான். மகள் எடுக்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

கடை, வீடு, கடை. முதலாளி வெட்டிய லென்ஸ்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. பிள்ளைகளிடமிருந்து போன் இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

இன்றும் இல்லை. நானாகக் கூப்பிடலாமா? வேண்டாம். போதும் நான் செய்த கைங்கரியம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மகள் கூப்பிட்டாள். குரல் கட்டியிருந்தது. சளியா என்று கேட்டேன். இல்லையாம்.

"நேத்து தம்பி போன் பண்ணான்மா."

நான் கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே கீழே வைத்தேன்.

"அம்மா உன்கிட்டயாவது ஒழுங்கா பேசறாளான்னு கேட்டான். நான் இல்லைன்னேன். அப்புறம் ரெண்டு பேருமா சேர்ந்து உன்னைத் திட்டினோம். ரொம்ப நேரம்."

"திட்டுங்க. நல்லா திட்டுங்க."

"அப்புறம் எப்படியோ அப்பா பேச்சு வந்துடுச்சு. ஆம்புலன்ஸ்ல அவன்தானேம்மா அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தான். அப்பா அவன்கிட்ட, 'உங்கக்காவை முன்னாடி உக்காரச் சொல்லு, அவளுக்குத் தலை சுத்தும்'னு சொன்னாராம். அதுதான் கடைசியாம். இத்தனை நாளா அவன் யார்கிட்டயும் சொல்லவே இல்லை. சொல்லிட்டு அவன் அழறான், நான் அழறேன்..."

எனக்குக் கேட்க எவ்வளவோ இருந்தது. அவர் வேறு என்ன சொன்னார்? என்னைப் பற்றிக் கேட்டாரா? நான் பின்னால் வேறு வண்டியில் அல்லவா வந்துகொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன்.

"அம்மா, இரு, தம்பி லைன்ல வர்றான். வை, நான் அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

போனைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். இதற்குத்தானே அத்தனை தூரம் போனேன். நடந்துவிட்டது. "ரெண்டும் பேசிக்கிச்சுங்க" என்று வாய்விட்டுச் சொன்னேன், கூடத்தைப் பார்த்து. சொன்ன பிறகுதான், இதை யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது.

அவர் போன அன்றைக்கு இவன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். இரண்டு பேரையும் தேற்றிக்கொண்டே இருந்துவிட்டேன். அதன் பிறகு சமாதானத் தூது. எனக்கென்று அழ நேரமே இல்லை. இன்று அவர்கள் அங்கே ஒருத்தரை ஒருத்தர் தேற்றிக்கொள்கிறார்கள். நான் அடுப்பை அணைத்தேன். அவர் சாப்பிட உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்து அழுதேன்.