ஜிம் கதவில் ஒட்டிய பெயர்

ஸ்காபரோ, மாசி 1997

அன்புள்ள அம்மா,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நான் வேறு கல்லூரிக்கு மாறுகிறேன். இங்கே வொலிபோல் அணியில் சேர்த்தும், ஆட விடாமல் மைதான ஓரத்து வாங்கிலேயே இருத்தி வைத்தார்கள். மாறப்போவதைப் பயிற்சியாளரிடம் மட்டும்தான் சொன்னேன். அவரோ, "சஜிதா நம்மைக் கைவிட்டுவிட்டாள்" என்று எழுதி, எல்லோரும் பார்க்க ஜிம் கதவில் ஒட்டிவிட்டார். அணிப் பிள்ளைகள் என்னோடு பேசுவதில்லை.

வீட்டுக்கார அன்ரி, "மன்னிப்புக் கேட்டுப்போட்டு அங்கையே இரு பிள்ளை" என்றார்.

"ஏன் அன்ரி? நான் என்ன களவெடுத்தனானோ?" என்றேன்.

அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை. புதுக் கல்லூரியின் பெயரை அதன் கீழே பெரிதாக எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். கல்லூரி மாறினால் விதிப்படி ஒரு வருடம் ஆட முடியாது. அதற்குப் பிறகு இவர்களுக்கு எதிராகவே ஆடுவேன்.

யாராவது ஊரிலிருந்து இங்கே வந்தால் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். இப்போது தனியாகத்தான் சாப்பிடுகிறேன், ஒன்றும் உறைக்கிறதில்லை.

பஸ் வருகிறது, அம்மா. பயிற்சிக்குப் போகிறேன், என்னை இன்னும் அணியை விட்டு நிறுத்தவில்லை.

உங்கள் மகள்,
சஜிதா