நாற்காலியோடு எழுந்தவன்

அன்புள்ள துரோகிக்கு,

பூர்வகுடிகள் தினத்தன்று மனித உரிமை அருங்காட்சியகத்தில் நீ ஆடியதைப் பார்த்தேன். உன் புது ஜோடி பஸ்கால் ஆடவில்லை, ஆடிப்போயிருந்தான். அவனோடு போய் நம் வழுக்கல் அடவைப் போட்டாயே! உறைந்த ஆற்றில் நாம் இருவரும் விழப்போய்க் கண்டுபிடித்தது அது. நம் மேத்தி பூர்வகுடி ஆட்டத்தில் அவரவர் அடவு அவரவர்க்குத்தான் என்பது மறந்துபோனதா?

ஆட்டம் முடிந்து நீங்கள் உட்கார்ந்ததும், அவன் இடைக்கச்சையின் குஞ்சத்தை நாற்காலியில் முடிச்சுப் போட்டது நான்தான்.

அறிவிப்பாளர் மைக்கை நீட்டினார். "ஏம்மா, அந்த வழுக்குற அடவு யாரோடது?"

"நாங்க ரெண்டு பேரும் கண்டுபிடிச்சது" என்றாய். நீயும் அவனுமா! அந்நேரம் பஸ்கால் எழுந்தான். நாற்காலியும் கூடவே எழுந்து தடாலென்று விழுந்தது.

"விட மாட்டேங்குதே! என்மேல அவ்ளோ ஆசையா இதுக்கு?" என்றான். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

இன்றுதான் அம்மா எடுத்த காணொளியைப் பார்த்தேன். நாற்காலி விழும் சத்தத்துக்கு அடியில் உன் குரல் கேட்கிறது: "இவன் இல்லீங்க. அதோ, பின்னாடி மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு நிக்கிறாளே, அவதான்."

குஞ்சம் பிய்ந்திருந்தால் தைத்துத் தருகிறேன் என்று பஸ்காலிடம் சொல். அடவையும் அவன் ஆடிக்கொள்ளட்டும். ஆனால் என்னோடு ஆடும்போது நீ இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சிரிக்க வேண்டும்.

பொறாமை குறையாமல்,
உன் முதல் ஜோடி