ஒற்றை விளக்கு

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் முதுகுவலி குறைந்ததா? பாப்பாவுக்குச் சளி நின்றதா? நான் குத்துக்கல் மாதிரி நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் ஒரு வேடிக்கை, பயப்படாமல் படி. பட்டறைக்கு வந்த ஒரு காரில் முன்விளக்குக் கண்ணாடி இரண்டும் கல் தெறித்துப் புள்ளி விழுந்து, மஞ்சளடித்துப் போயிருந்தன. தேய்த்துப் பாலீஷ் போட்டாலும் தேறாது. கார்க்காரர், “இப்போதைக்கு ஒண்ணு மட்டும் மாத்துங்க” என்றார். நான் முதலாளியைப் பார்த்தேன். “கேட்டதைச் செய்யுப்பா” என்றார். செய்தேன்.

அன்று பொழுது சாய்ந்து அறைக்கு நடந்து வரும்போது எதிரே ஒற்றை விளக்கு வந்தது. பைக்தானே, ஒதுங்கிப் போய்விடும் என்று நடந்துகொண்டே இருந்தேன். கிட்டே வந்த பிறகுதான் அது கார் என்று தெரிந்தது. புது விளக்கின் பளீரில், என் பக்கத்து மங்கல் விளக்கு இருப்பதே தெரியவில்லை. டிபன் பாக்ஸ் நசுங்கிவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை. கையெழுத்து கோணலாக இருந்தால், மேசை ஆடுகிறது, அவ்வளவுதான்.

கார்க்காரர் இறங்கி ஓடி வந்து, “இந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியலைங்க” என்றார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கு அந்த விளக்கை அடையாளம் தெரிந்தது. மதியம் நான் மாட்டியது.

யாராவது இங்கே வந்தால் இரண்டு வெள்ளைச் சட்டை கொடுத்தனுப்பு. நீ எடுத்துக் கொடுத்த கறுப்புச் சட்டை பெட்டியிலேயே இருக்கட்டும்.

டியூஷன் முடிந்து பாப்பாவைக் கூட்டி வரும்போது எதிரே ஒற்றை விளக்கு தெரிந்தால், பைக் என்று நினைக்காதே. ரோட்டை விட்டு இறங்கி, அது போகும்வரை இருவரும் நில்லுங்கள்.

முதலாளி கூப்பிடுகிறார். இன்னொரு கார் வந்திருக்கிறது. அதற்கும் ஒன்று மட்டும்தானாம்.

பாப்பாவின் அப்பா